ஆறு பவுண்ட் நாடகம்

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த எபிசோட் ரெண்டு வாரம் லேட். நிறையப் பேர் மெசேஜ் பண்ணிக் கேட்டிருந்தீங்க. சோம்பேறித்தனம் இல்லை. நான் வேலை மாறிக்கொண்டிருந்தேன். அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் இன்றைய கதை கையில் மாட்டியது.

போன மாதம் என் மெயிலில் ரெண்டு பிடிஎஃப் வந்து கிடந்தன. ரெண்டும் ஆஃபர் லெட்டர். ஒன்று ஓ.எம்.ஆரில் இருக்கிற ஒரு பெரிய கம்பெனி. சம்பளம் நல்லாவே இருந்தது. ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு பத்தி. நான் வேலையில் இருக்கிற காலத்தில் எழுதுகிற எதுவும், ஆபீஸில் எழுதினாலும் வீட்டில் எழுதினாலும், தனியாக எழுதினாலும் இன்னொருத்தரோடு சேர்ந்து எழுதினாலும், கம்பெனிக்கே சொந்தம். இன்னொன்று பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற ஒரு ஸ்டார்ட்டப். சம்பளம் கம்மி. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் ஷேர்.

இதற்கு முன்னால் வேலை பார்த்த இடத்தில், ரெண்டு வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரு சின்ன டூல் எழுதினேன். எங்க டீமுக்குத்தான் எழுதினேன். ஒரு வருஷம் கழித்து அதற்கு ஒரு லோகோ போட்டு, கஸ்டமருக்கு விற்றார்கள். எனக்கு ஒரு பாராட்டு மெயிலும் ஒரு காபி மக்கும் வந்தது. சட்டப்படி தப்பே இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் இந்தத் தடவை பதினோராம் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

முடிவெடுக்க முடியாதபோது நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியும். சம்பந்தமே இல்லாத ஒரு வரலாற்றைப் படிக்கப் போயிடுவேன். இந்தத் தடவை போன இடம் 1590களின் லண்டன், நாடகக் கொட்டகைகள். படித்துக்கொண்டே வந்தபோது 1599-ல் ஒரு நாடக ஆசிரியர் கொடுத்த வாக்குறுதி கண்ணில் பட்டது. என் ஆஃபர் லெட்டரின் அதே பத்தி! அதனால் இன்றைக்குப் பேசப்போவது, ஷேக்ஸ்பியர் காலத்தில் நாடகம் எழுதிப் பிழைப்பது எப்படி இருந்தது, அதில் யாருக்குக் காசு வந்தது என்பதைப் பற்றி.

தலைகீழாகத் திருப்பிய நோட்டு

இந்தக் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு கணக்கு நோட்டு. அதை எழுதியவர் பிலிப் ஹென்ஸ்லோ. அவர் எழுத்தாளர் இல்லை, நடிகரும் இல்லை, வியாபாரி. துணிக்குச் சாயம் போடுகிற தொழிலிலிருந்து வந்தவர். அடகுக்கடை நடத்தினார், வீடுகளை வாடகைக்கு விட்டார், கரடிச் சண்டை நடத்துவதில் பங்கு வைத்திருந்தார். 1587-ல் தேம்ஸ் நதியின் தென்கரையில் 'ரோஸ்' என்ற நாடகக் கொட்டகையைக் கட்டினார்.

அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் இரும்பு உருக்கும் தொழிலுக்குக் கணக்கு எழுதிய பழைய நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. பாதிப் பக்கம் காலி. ஹென்ஸ்லோ அதைத் தலைகீழாகத் திருப்பி, 1592-லிருந்து கொட்டகைக் கணக்கை எழுத ஆரம்பித்தார். நம்ம வீட்டில் பழைய டைரியின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவோமே, அதே மாதிரி. அவருடைய வளர்ப்பு மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் எட்வர்ட் ஆலின், அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் நடிகர். ஆலின் பிற்பாடு டல்விச் என்ற இடத்தில் ஒரு கல்லூரி தொடங்கினார். மாமனாரின் காகிதங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த நோட்டில் கவிதை கிடையாது. யார் எந்தத் தேதியில் எந்த நாடகத்துக்கு எவ்வளவு முன்பணம் வாங்கினார், எந்த உடைக்கு எவ்வளவு செலவு, அன்றைக்குக் கலெக்ஷன் எவ்வளவு என்ற விவரங்கள்தான். ஷேக்ஸ்பியரின் பெயர் இதில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதையின் பாதி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ்

முதலில் டிமாண்ட் பக்கம் பார்ப்போம். அன்றைய லண்டனில் சுமார் 2 லட்சம் பேர். கொட்டகைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் கூட்டம் வரணும். ஒரே ஊர், அதே ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அப்போ ஒரே நாடகத்தை நூறு நாள் ஓட்ட முடியாது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று. ரோஸ் கொட்டகையில் ஆடிய அட்மிரல்ஸ் மென் குழு, 1594-95 சீசனில் மொத்தம் 38 நாடகங்கள் போட்டது. அதில் 21 புதுசு. ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு வரும். நம்மில் யாராவது ரெண்டு வார ஸ்பிரிண்ட்டைப் பற்றிப் புலம்பினால் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த வேகத்தில் புது நாடகம் எங்கிருந்து வரும்? எழுத்தாளர் முதலில் முழு நாடகத்தையும் எழுதிக்கொண்டு வருவதில்லை. கதைச் சுருக்கத்தைக் காட்டுவார். குழுவுக்குப் பிடித்தால் முன்பணம். 1597 டிசம்பரில் பென் ஜான்சன் அப்படி ஒரு கதைச் சுருக்கத்தைக் காட்டி, கிறிஸ்துமஸுக்குள் நாடகத்தைத் தருகிறேன் என்று சொல்லி 20 ஷில்லிங் வாங்கியிருக்கிறார். எழுதியதை ஏதாவது ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து குழுவுக்குப் படித்துக் காட்டுவார்கள். 1598 மார்ச்சில் அப்படி ஒரு வாசிப்புக்கு 'சன்' என்ற கடையில் 5 ஷில்லிங் செலவானது நோட்டில் இருக்கிறது. ஸ்க்ரிப்ட் நரேஷன், பில் தயாரிப்பாளர் தலையில். கோடம்பாக்கத்துக்குப் புதுசா என்ன?

அப்புறம், தனி ஆளாக எழுதுவது அன்றைக்கு விதிவிலக்கு. ஹென்ஸ்லோவின் நோட்டில் சுமார் 280 நாடகங்கள் வருகின்றன. அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து எழுதியவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. தலைப்பும் தொகையும்தான் மிச்சம்.

எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்? அதற்கு ஒரு கோர்ட் சாட்சியமே இருக்கிறது. 1624-ல் அந்த வருஷம் நடந்த ஒரு கொலையையும், ஒரு பணக்கார விதவையை ஏமாற்றிக் கல்யாணம் செய்த ஒரு வழக்கையும் சேர்த்து ஒரு நாடகம் போட்டார்கள். எழுதியவர்கள் நான்கு பேர்: தாமஸ் டெக்கர், ஜான் ஃபோர்ட், வில்லியம் ரௌலி, ஜான் வெப்ஸ்டர். விதவையின் குடும்பம் கேஸ் போட்டது. டெக்கர் தன் வாக்குமூலத்தில், முதல் அங்கமும், கடைசி அங்கத்தில் கொலைகாரப் பையன் பேசும் ஒரு பேச்சும்தான் தன்னுடையது என்று சொன்னார். அங்கம் அங்கமாகப் பிரித்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினால் செய்தி சூடு ஆறுவதற்குள் மேடையேற்றிவிடலாம். ஆளுக்கொரு மாட்யூல். கடைசியில் ஒன்றாக மெர்ஜ்.

ஆறு பவுண்ட் எவ்வளவு காசு?

இப்போ விலைக்கு வருவோம். 1590களின் கடைசியில் ஒரு முழு நாடகத்துக்கு ஏறக்குறைய 6 பவுண்ட். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. கொட்டகையில் நின்று பார்க்க ஒரு பென்னி. அதாவது 6 பவுண்ட் என்றால் 1440 தரை டிக்கெட்.

இது அடிமாட்டு விலை இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்ப் பள்ளியின் வாத்தியாருக்கு அப்போது வருஷச் சம்பளம் 20 பவுண்ட். தனியாக வருஷத்துக்கு நாலு நாடகம் எழுதினால் வாத்தியாரைவிட நன்றாகவே வாழலாம். ஆனால் தனியாக எழுதினால்தானே? 1602 மே மாதம் ஜூலியஸ் சீசரைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு 5 பவுண்ட் கொடுத்தார்கள். அதைப் பிரித்துக்கொள்ள வேண்டியவர்கள் மண்டே, டிரேட்டன், வெப்ஸ்டர், மிடில்டன், அதற்கு மேலும் ஆட்கள்.

இன்னொரு ஒப்பீடு சொல்றேன், இதுதான் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தது. 1603-ல் தாமஸ் ஹேவுட் என்பவர் ஒரு குடும்பக் கதையை நாடகமாக எழுதினார். அந்தக் காலத்தின் நல்ல நாடகங்களில் ஒன்று, இன்றும் படிக்கிறார்கள், நடிக்கிறார்கள். அதற்கு அவருக்குக் கிடைத்தது 6 பவுண்ட். அதே நாடகத்தின் கதாநாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்று தைத்தார்கள். அதற்குச் செலவு 6 பவுண்ட் 13 ஷில்லிங். கதாநாயகி பேசுகிற மொத்த வசனத்தையும்விட அவள் போட்ட கவுன் விலை அதிகம்.

ஏன் அப்படி? கவுனை அடுத்த நாடகத்துக்கும் போடலாம், தேவைப்பட்டால் விற்கலாம், அடகு வைக்கலாம். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் கண்ணால் தெரிந்தது. எழுத்தும் அப்படித்தான், திரும்பத் திரும்ப உழைத்தது. ஆனால் அந்த உழைப்பின் காசு எழுதியவருக்கு வரவில்லை. நாடகத்தைக் கொடுத்த நாளிலேயே கையெழுத்துப் பிரதி குழுவின் சொத்து. அப்புறம் நூறு தடவை ஆடினாலும் எழுதியவருக்கு ஒரு பென்னி கிடையாது. எப்போதாவது ஒரு இனாம் வரும். 1599-ல் நாலு பேர் சேர்ந்து எழுதிய ஒரு நாடகம் முதல் நாள் நன்றாகப் போனது என்று 10 ஷில்லிங் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கு ரெண்டரை. என் காபி மக் ஞாபகம் வந்தது.

குழுவின் சொத்து என்றால் அதில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' கொட்டகையின் பெரிய ஹிட். மார்லோ 1593-லேயே கத்திக்குத்தில் இறந்துவிட்டார். ஒன்பது வருஷம் கழித்து, 1602 நவம்பரில், அதில் புதுக் காட்சிகள் சேர்க்க வேறு ரெண்டு பேருக்கு 4 பவுண்ட் கொடுத்தார் ஹென்ஸ்லோ. எழுதியவர் போய்விட்டார், கோடு புரொடக்ஷனில் ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரோ பேட்ச் போடுகிறார்கள். நம் துறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, மறுபக்கம் எவ்வளவு வந்தது? 1592 மார்ச் 3-ம் தேதி ரோஸில் ஆறாம் ஹென்றியைப் பற்றிய ஒரு நாடகம் முதல் தடவையாக ஆடியது. அது ஷேக்ஸ்பியருக்குக் கை இருந்த நாடகம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அன்றைய ஒரு மதியத்துக்கு ஹென்ஸ்லோ எழுதி வைத்த தொகை 3 பவுண்ட் 16 ஷில்லிங் 8 பென்னி. அதுகூட மொத்தக் கலெக்ஷன் இல்லை. கொட்டகைச் சொந்தக்காரராக அவருக்கு வர வேண்டிய பங்கு, மாடி இருக்கைகளின் வசூலில் பாதி மட்டும். மீதி நடிகர்களுக்கு. இந்த மாதிரி ரெண்டு மதியம் கிடைத்தால் சொந்தக்காரருக்கு ஒரு நாடகத்தின் மொத்த விலை வந்துவிடும். அந்த நாடகம் அடுத்த சில மாதங்களில் பத்து தடவைக்கு மேல் ஆடியது.

இந்தக் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டால் ஹென்ஸ்லோவை நிறுத்தலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாடகத்தை வாங்கியது அவர் இல்லை, நடிகர் குழு. அவர் குழுவுக்குக் கடன் கொடுத்த வட்டிக்கடைக்காரர் மாதிரி. எழுத்தாளர்கள் ஜெயிலுக்குப் போனபோது பணம் கட்டி வெளியே எடுத்தவரும் அவர்தான். அந்தப் பணமும் கணக்கில் ஏறியது என்பது வேறு விஷயம். 1615-ல் ஒரு நடிகர் குழு அவர் மேல் புகார்ப் பட்டியல் எழுதியபோது, தன் கடனிலிருந்து வெளியே போய்விட்டால் இவர்களைக் கட்டி மேய்க்க முடியாது என்று அவர் சொன்னதாக அதில் குற்றம் சாட்டினார்கள். சொன்னாரோ இல்லையோ, நோட்டைப் புரட்டினால் கடனில் இல்லாத எழுத்தாளரைக் காண்பது கஷ்டம்.

டெக்கரும் போர்ட்டரும்

அந்த எழுத்தாளர்களில் நான் ரொம்ப நேரம் செலவழித்தது தாமஸ் டெக்கரோடு. 1598-லிருந்து 1602 வரை ஐந்து வருஷத்தில் சுமார் 40 நாடகங்களில் அவர் கை இருக்கிறது. எழுத்து மெஷின். ஆனால் 1598 பிப்ரவரியில் அவர் கடனுக்காக ஜெயிலில். ஹென்ஸ்லோ 40 ஷில்லிங் கட்டி எடுக்கிறார். அடுத்த வருஷம் ஜனவரியில் மறுபடி கைது. இந்தத் தடவை பிடிக்க வைத்தது லார்ட் சேம்பர்லைன்ஸ் மென் என்ற குழு. அதாவது ஷேக்ஸ்பியர் இருந்த குழு! 3 பவுண்ட் 10 ஷில்லிங் கட்டி எடுத்தார்கள்.

அதே 1599-ல் ஜூலை மாதம், செருப்புத் தைக்கிறவர்களைப் பற்றி டெக்கர் ஒரு நாடகம் எழுதினார். 'ஷூமேக்கர்ஸ் ஹாலிடே'. ஒரு செருப்புத் தொழிலாளி லண்டன் மேயர் ஆகிற கதை. கொண்டாட்டமான நாடகம். 1600 புத்தாண்டு அன்று எலிசபெத் ராணி முன்னாடி ஆடினார்கள். நாடகத்துக்கு என்று நோட்டில் டெக்கர் பெயருக்கு நேரே இருக்கிற தொகை 3 பவுண்ட். ஜனவரியில் அவரை வெளியே எடுக்க ஆன தொகைக்கு அது 10 ஷில்லிங் குறைவு.

1612-ல் 40 பவுண்ட் கடனுக்காக மறுபடி உள்ளே போனார். கடன் கொடுத்தவர் வண்டி செய்கிற ஒருவர், கூட எழுதிய ஜான் வெப்ஸ்டரின் அப்பா. இந்தத் தடவை ஏழு வருஷம். 1632-ல் அவர் இறந்தபோது, அவருடைய சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பே வேண்டாம் என்று மனைவி எழுதிக் கொடுத்தார். கடனைத் தவிர ஒன்றும் இல்லாதபோதுதான் அப்படிச் செய்வார்கள்.

இப்போ ஹென்றி போர்ட்டர். ஆரம்பத்தில் சொன்ன அந்த வாக்குறுதி இவருடையது. 1599 பிப்ரவரி 28. ஒரு நாடகத்துக்கு 40 ஷில்லிங் முன்பணம் வாங்குகிறார். அதற்குப் பதிலாக, இனிமேல் தான் தனியாக எழுதுகிறதும், இன்னொருத்தரோடு சேர்ந்து எழுதுகிறதும், எல்லாமே ஹென்ஸ்லோவுக்குத்தான் என்று சத்தியம் செய்கிறார். என் ஆஃபர் லெட்டர் பதினோராம் பக்கம், கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை. நடுவில் 400 வருஷம்.

ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் போர்ட்டருக்கு 25 ஷில்லிங் பாக்கி. நாளைக்குள் கட்டாவிட்டால் 10 பவுண்ட் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். எதற்காக? ஒரே ஒரு ஷில்லிங் கையில் வாங்கிக்கொண்டு! அவரால் கட்ட முடியவில்லை. ஜூன் 6-ம் தேதி சதர்க்கில் ஒரு சண்டை. கத்தியால் குத்தியவர் ஜான் டே, அவரும் நாடக ஆசிரியர். மறுநாள் போர்ட்டர் இறந்துபோனார். இனி எழுதப் போகும் எல்லாவற்றையும் விற்றவர், அதற்கப்புறம் எழுதக் கிடைத்தது மூன்றே மாதம்.

மாதச் சம்பளம் வாங்கியவர்

இதற்கு வேறு வழி இருந்ததா? நாள் போகப் போக எழுத்தாளர்கள் பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1613-ல் ராபர்ட் டபோர்ன் என்பவர் ஒரு நாடகத்துக்கு 20 பவுண்ட் பேசினார். முதலில் 6, மூன்று அங்கம் கொடுத்ததும் 4, கடைசிக் காட்சி கொடுத்ததும் 10. சுத்தமான மைல்ஸ்டோன் பேமென்ட். ஆனால் அவர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் முன்பணம், இன்னும் ஒரு பவுண்ட், இதோ எழுதிய தாள் அனுப்புகிறேன் பாருங்கள், இப்படியே போகும். அவர் நாடகத்தை விட்டுவிட்டு பாதிரியார் ஆனார். அயர்லாந்தில் ஒரு தேவாலயத்தின் டீன் பதவியில் இருக்கும்போது இறந்தார். கரியர் சேஞ்ச்!

1635-ல் ரிச்சர்ட் ப்ரோம் சம்பளத்துக்கே போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம். வருஷத்துக்கு மூன்று நாடகம். வாரம் 15 ஷில்லிங், ஒவ்வொரு புது நாடகத்துக்கும் ஒரு நாள் வசூல். வேறு யாருக்கும் எழுதக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. 1636-ல் பிளேக் வந்தது. கொட்டகைகளை மூடினார்கள். சம்பளம் நின்றது. ஒப்பந்தப்படி நாடகம் வரவில்லை என்று கொட்டகைக்காரர்களும், சம்பளம் வரவில்லை என்று அவரும், கடைசியில் கோர்ட்டில் போய் நின்றார்கள். 2020-ல் வேலை பார்த்த யாருக்கும் இது பழைய கதை இல்லை.

பத்து சதவீதம்

இப்போ அந்த நோட்டில் பெயர் இல்லாத ஆளுக்கு வருவோம்.

ஷேக்ஸ்பியர் 1594 வாக்கில் லார்ட் சேம்பர்லைன்ஸ் மென் குழுவில் சேர்ந்தார். சேர்ந்தார் என்றால் வேலைக்கு இல்லை, பங்குதாரராக. அவர் நடிகரும்கூட. பென் ஜான்சனின் ஒரு நாடகத்தில் 1598-ல் நடித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. தினசரி வசூலில் நடிகர் குழுவின் பங்கு பங்குதாரர்களுக்குள் பிரியும். அதனால் அவர் எழுதிய நாடகம் பத்தாவது தடவை ஆடினாலும் அவருக்குக் காசு. இன்னொருத்தர் எழுதியது ஆடினாலும் காசு.

1599-ல் குளோப் கொட்டகை கட்டினார்கள். பாதி பர்பேஜ் சகோதரர்களுக்கு. மீதிப் பாதியை ஐந்து நடிகர்கள் பிரித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஷேக்ஸ்பியர். ஆளுக்குப் பத்து சதவீதம். ஹென்ஸ்லோ மாதிரி ஒருவருக்குப் போகும் கொட்டகைப் பங்கு, இங்கே நடிகர்களுக்கே வந்தது. எழுத்தாளர், நடிகர், கொட்டகைச் சொந்தக்காரர் மூன்றும் ஒரே ஆள். ஹென்ஸ்லோவிடம் முன்பணத்துக்கு நிற்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. அதனால்தான் நோட்டில் பெயர் இல்லை.

கணக்குப் போடுவோம். 1602-ல் அவர் சொந்த ஊரில் 107 ஏக்கர் நிலம் வாங்கினார். விலை 320 பவுண்ட். நாடகத்துக்கு 6 பவுண்ட் என்றால் 53 நாடகம் எழுதணும். அவர் வாழ்நாளில் எழுதியதே சுமார் 38. மூன்று வருஷம் கழித்து அதே ஊரின் வரி வருமானத்தில் ஒரு பங்கை 440 பவுண்டுக்கு வாங்கினார். இது 73 நாடகத்தின் விலை. பென் ஜான்சனோ, தான் எழுதிய எல்லா நாடகமும் சேர்ந்து தனக்கு 200 பவுண்ட்கூட ஈட்டித் தரவில்லை என்று நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஜான்சன் சாதாரண எழுத்தாளர் இல்லை, ஊரே கொண்டாடிய ஆள்.

நாம் ஸ்கூலில் படித்தது என்ன? ஷேக்ஸ்பியர் மேதை, அதனால் பெரிய ஆள் ஆனார். மேதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் காசு சேர்ந்ததற்குக் காரணம் அது இல்லை. நாடகத்தின் விலை அதைக் கையில் கொடுக்கிற நாளில் முடிவாகிறது. அதன் மதிப்பு அதற்கப்புறம் ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது. டெக்கர் முதலாவதை விற்றார். ஷேக்ஸ்பியர் ரெண்டாவதில் ஒரு பங்கு வைத்திருந்தார்.

அதற்காக, ஷேர் எடுத்தால் ஜெயம்னு சொல்ல வரலை. 1613 ஜூன் 29-ம் தேதி குளோபில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது பீரங்கி வெடித்ததில் கூரை பற்றிக்கொண்டு கொட்டகையே சாம்பல் ஆனது. திரும்பக் கட்ட ஒவ்வொரு பங்குதாரரும் கையிலிருந்து காசு போட வேண்டியிருந்தது. ஒரு பழைய பங்குதாரரின் விதவையைக் கல்யாணம் செய்து, அந்தப் பங்குக்கு வந்தவர் ஒருவர் இருந்தார். அவரால் போட முடியவில்லை. பங்கு போயிற்று. கேஸ் போட்டும் தோற்றார். பங்கு வைத்திருக்க, கெட்ட நாளில் காத்திருக்கத் தெம்பு வேணும். அந்தத் தெம்பு டெக்கரிடம் எந்த நாளிலும் இருந்ததில்லை.

சட்டம் வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1660-க்கு அப்புறம் மூன்றாம் நாள் வசூலை, செலவு போக, எழுதியவருக்குக் கொடுக்கிற வழக்கம் வந்தது. 1710-ல் வந்த முதல் காப்புரிமைச் சட்டம் அச்சிடுவதற்கு மட்டும். மேடையேற்றுவதற்கு எழுதியவரிடம் அனுமதி வாங்கணும் என்று இங்கிலாந்துச் சட்டம் சொன்னது 1833-ல். போர்ட்டர் செத்து 234 வருஷம் கழித்து. 'ஹாம்லெட்' எல்லாம் அதற்குள் உலகம் முழுக்கக் கிளம்பிவிட்டது. நம்ம சென்னைக்கும் வந்தது, பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்யன்' என்று தமிழில் போட்டார். ஒரு நாடகம் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நாள் வாழும் என்பதை, அதைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிற அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

நான் என்ன செய்தேன்?

ஸ்டார்ட்டப்புக்குப் போனேன்னு சொன்னால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். போகவில்லை. வீட்டு லோன் இருக்கு. அப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனார். மாதம் அஞ்சாம் தேதி இஎம்ஐ போகணும். ஷேர் எப்போது காசாகும், ஆகுமான்னு காத்திருக்கிற தெம்பு இப்போது என்னிடம் இல்லை. டெக்கர் ஏன் திரும்பத் திரும்ப ஆறு பவுண்டுக்கே எழுதினார்னு முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போ இல்லை.

ஆனால் ஒன்று செய்தேன். பதினோராம் பக்கத்தைப் பற்றி எச்.ஆருக்கு மெயில் போட்டேன். அந்தப் பத்தியை அப்படியே படித்தால், ராத்திரி பதினொரு மணிக்கு என் ரூமில் உட்கார்ந்து எழுதுகிற இந்த பாட்காஸ்ட் ஸ்க்ரிப்ட்டும் அவர்களுக்குச் சொந்தம். நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாம் நாள் ஒரு ஃபோன். "இதெல்லாம் யாரும் கேட்டதே இல்லைங்க" என்றார் அந்த மேடம். கோபமாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியமாக. அப்புறம் ஒரு இணைப்புப் பக்கம் அனுப்பினார். வேலைக்கு வெளியே நான் செய்கிறவற்றைப் பட்டியல் போடலாம், அவை கம்பெனிக்கு வராது. அந்தப் பக்கம் முதலிலிருந்தே அவர்களிடம் இருந்திருக்கிறது. கேட்டால்தான் வரும்.

பட்டியலில் ஒரே வரி எழுதினேன். இந்த பாட்காஸ்ட், அதன் எல்லா எபிசோடும், இனி வரப்போவதும். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

உங்க ஆஃபர் லெட்டரில் அது எத்தனையாவது பக்கம்னு இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.